ஹார்லன் வோய்டெக்கின் முதல் இடம்

ஆண்டின் சிறந்த புதுமுக வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று எங்கள் பேஸ்பால் நிருபர்கள் சங்கத்தின் கையேடு சொல்கிறது: ஊர்ப்பற்று அற்றவர், எல்லா அணிகளின் ஆட்டங்களையும் விடாமல் கவனிப்பவர், முடிவு வெளியாகும்வரை தன் எண்ணத்தை யாரிடமும் சொல்லாதவர்.

ஹார்லன் வோய்டெக் எங்கள் ஊர் கிளீவ்லாந்து அணியின் தொப்பியோடுதான் தூங்குவார் என்று அவர் மனைவி நடீன் சொல்லியிருக்கிறார். அந்தத் தூக்கமும் பெரும்பாலும் நிருபர்கள் மாடத்தில், ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதுக்குப் பிறகு. எண்ணத்தை ரகசியமாக வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை அதைப் பத்திரிகையில் அச்சடித்துக்கொண்டிருந்தார்.

எண்ணம் இதுதான்: மேற்குக் கரை அணிக்குப் பந்து வீசும் மினெகிஷி புதுமுகமே அல்ல. ஜப்பானில் ஒன்பது வருடம் ஆடிவிட்டு வந்தவர், முப்பத்தொரு வயது. அவருக்கு இந்த விருது கொடுப்பது தாத்தாவுக்குத் தொட்டில் வாங்குவது போல என்று எழுதினார். அமெரிக்காவில் முதல் வருடம் என்றால் புதுமுகம்தான் என்கிறது விதி. ஆனால் விதி ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதில்லை; ஊர் எழுதும். ஊர் ஹார்லன் பக்கம். காரணம், போட்டியிலிருந்த இன்னொருவன் எங்கள் கோரி லிண்ட்குவிஸ்ட். இருபத்திரண்டு வயது, மூன்றாம் பேஸைக் காக்கும் ஆட்டக்காரன்.

ஊருக்கு இரண்டு வாக்கு. எங்கள் ஊரில் ஒன்று எனக்கு, ஒன்று ஹார்லனுக்கு. சீட்டில் மூன்று பெயர் எழுத வேண்டும்: முதல் பெயருக்கு ஐந்து புள்ளி, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு ஒன்று. முடிதிருத்தும் சால் புசெட்டா கணக்கில் புலி. கத்தியை ஹார்லனின் கழுத்தில் வைத்துக்கொண்டே வழி சொன்னார்.

"கோரிய மேல போடுங்கண்ணே. அந்த ஆளு பேர மூணுல ஒண்ணாக்கூட எழுதாதீங்க. கேட்டா மறந்துட்டேன்னு சொல்லிடுங்க. உங்க வயசுக்கு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

யோசனை ஹார்லனுக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் வாரா வாரம் திட்டுவதற்குச் சரக்கு வேண்டுமே. குறை கண்டுபிடிப்பதற்காக மினெகிஷி வீசிய முப்பத்தொரு ஆட்டங்களின் வீடியோ நாடாக்களையும் வரவழைத்து, காலைக் காபியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண் அசரவே இல்லை என்று நடீன் கவலைப்பட்டார்.

சீசனின் கடைசி வாரம் கோரியிடமே போய், அந்த ஆள் அப்படி என்ன பெரிய ஆள் என்று கேட்டார். கோரி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏழு தடவ அவர எதிர்த்து நின்னேன் சார். ரெண்டு தடவதான் பந்தே கண்ணுல பட்டுச்சு. இத எழுதிடாதீங்க, எங்கம்மா படிப்பாங்க."

"விருது வேணுமாடா?"

"ரொம்ப வேணும் சார்."

நவம்பரில் முடிவு வந்தது. மூன்றே புள்ளி வித்தியாசத்தில் மினெகிஷி ஜெயித்திருந்தார். முதல் இரண்டு பெயர்களை யாராவது ஒருவர் மாற்றி எழுதியிருந்தால் கோரி ஜெயித்திருப்பான் என்று சால் அரை நிமிடத்தில் கணக்குப் போட்டார். துரோகி உள்ளூர்க்காரன்தான் என்று ஊர் முடிவு கட்டியது. யாரையும் திட்டி எழுதாத என் பழக்கத்தால் பழி என் மேல் விழுந்தது. நான் கோரிக்குத்தான் முதல் இடம் கொடுத்திருந்தேன். அதைச் சொன்னபோது சால் நம்பாமல் என் முடியில் கை வைக்க மறுத்துவிட்டார்.

அந்த வாரமே ஹார்லன் சாலின் நாற்காலியில் உட்கார்ந்து, பாதி முடி வெட்டியிருந்தபோது, அது தான்தான் என்று சொன்னார். சால் கத்தரியைக் கீழே வைத்தார்.

"ஆறு மாசமா நீங்க எழுதினது என்னண்ணே?"

"விதி தப்புன்னு எழுதினேன். இப்பவும் தப்புதான். நாளைக்கும் எழுதுவேன்."

வாக்குச் சீட்டு வந்த அன்று ஹார்லன் முதல் இடத்தில் மினெகிஷியின் பெயரை எழுதினார், இரண்டாம் இடத்தில் கோரியின் பெயரை எழுதினார், கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.