பாப்பாயி கொட்டிய உப்பு

பாப்பாயிக்கு மாடென்றால் உயிர். வால்பாறை மலையில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்து வந்த கூலி வயிற்றுக்கு. லைன் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த நாலு மாடும் மனசுக்கு. நான் அங்கே கால்நடை கம்பவுண்டர். துடியலூரிலிருந்து மாற்றலாகி வந்த நாள் முதல் என்னை "டாக்டருங்க" என்றே கூப்பிட்டாள். திருத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. பிறகு எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

மாட்டுக்கு நோவு வந்தால் அவளுக்கு ஒரு வேண்டுதல் உண்டு. ஒரு படி கல்லுப்பை மாட்டின் வாயிலும் காலிலும் தடவி எடுத்து, "எம்பட மாட்டு நோவை நீ எடுத்துக்கோ தாயி" என்று சோலைக்காட்டு ஓரத்து அம்மன் கல்லில் கொட்டிவிட்டு வருவாள். அந்த உப்பைக் காட்டுமாடுகள் வந்து நக்கும். "அம்மனே எடுத்துக்கிறா பாருங்க" என்பாள். அதிலே ஒற்றைக் கொம்பு முறிந்த பசு ஒன்று. பதினைந்து வருஷப் பழக்கம். அது எத்தனை கன்று ஈன்றது என்று விரல்விட்டுச் சொல்வாள்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் கோமாரி வந்தது. நாலு மாட்டுக்கும் வாயிலும் குளம்பிலும் புண். எச்சில் கயிறாக ஒழுகியது. கழுவி மருந்து போட்டேன். அவள் உப்போடு கிளம்பியபோது எதிரில்தான் நின்றேன். எச்சிலில் பரவும் நோய் என்று பாடம் படித்தவன் நான். "கும்பிட்டுட்டு வா, போ" என்று சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் மாடுகள் தேறின. பத்தாம் நாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டாக்டருங்க, காட்டுமாடு நொண்டுதுங்க. வெரசா வாங்க!"

அம்மன் கல்லுக்குப் பக்கத்தில் கொம்பு முறிந்த பசு மூன்று காலில் நின்றது. அதன் காலடியில் அந்த வருஷத்துக் கன்று நுரை தள்ளிக் கிடந்தது. என் பையில் மருந்து, அவள் கையில் வேப்பெண்ணெய். நாலடி வைப்பதற்குள் பசு சீறிக்கொண்டு தலையைத் தாழ்த்தியது. காட்டிலாகாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தவர், "இதை யாருங்க புடிச்சுக் கட்டறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். கன்றுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாமல் எட்ட நின்று பார்த்தோம். மறுநாள் காட்டுமாட்டு மந்தையில் இன்னும் இரண்டு நொண்டின.

மூன்றாம் நாள் மத்தியானம் கன்று அடங்கிவிட்டது. பசு அதை நக்கி நக்கி எழுப்பிப் பார்த்தது. "காத்துல வந்திருக்கும் பாப்பாயி" என்று பொய் சொன்னேன்.

"நாந்தானுங்க எடுத்துக்கச் சொல்லிக் கொட்டுனேன். எடுத்துக்கிச்சுங்க."

வேப்பெண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டருங்க, இதுக எங்கீங்க போயி உப்புக் கொட்டும்?"

"நான் வெறும் கம்பவுண்டர், அம்மணி" என்றேன்.