குங்குமப்பூ விற்க மறுத்த நிரஞ்சலா

பதுளை பஜாரில் சுந்தரலிங்கம் முதலாளியின் நாட்டு மருந்துக் கடையில் நிரஞ்சலா பதினொரு வருடமாக வேலை செய்கிறார். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்தவர். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஆனாலும் கடையில் விற்கும் எதைப் பற்றியும் தேடிப் படிக்காமல் விடமாட்டார்.

போன வருடம் மழைக்காலத்தில் அப்புத்தளையிலிருந்து கஜேந்திரன் என்பவர் வந்தார்.

"அக்கா, நல்ல குங்குமப்பூ வேணும். அதுல குரோசின்னு ஒன்னு இருக்காமே? மனசு நோவெல்லாம் போயிரும்னு போன்ல காட்டுனாங்க."

"யாருக்குங்க?"

மனைவி தனுஜாவுக்கு. பிள்ளை பிறந்து மூன்று மாதம். தூக்கமில்லை, பேச்சில்லை, பிள்ளையைத் தூக்குவதுமில்லை. பூவே போதும் என்று நம்பி, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் போன வாரமே நிறுத்திவிட்டார்களாம்.

நிரஞ்சலா எடுத்த குங்குமப்பூ டப்பாவை மூடினார்.

"குரோசின் இருக்குறது உண்மைதாங்க. பூவுக்கு நிறம் குடுக்குறதே அதுதான். மனச்சோர்வுக்குக் கொஞ்சம் உதவுதுன்னு சின்னச் சின்ன ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க. ஆனா அதெல்லாம் அளந்து குடுத்த மருந்து. பால் குடுக்குற தாய்க்கு எவ்வளவு சரின்னு நிச்சயமா தெரியாது. மாத்திரைய நிப்பாட்டிட்டு இத நம்பாதீங்க. நான் தர மாட்டேன்."

"அப்ப நான் வேற கடைக்குப் போறேன்" என்று கஜேந்திரன் கோபமாகத் திரும்பினார். முதலாளியின் முகமும் சுருங்கியது.

"இருங்க தம்பி, நானும் உங்ககூட வர்றேன்" என்று நிரஞ்சலா பையை எடுத்துக்கொண்டு அவரோடு அப்புத்தளை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கஜேந்திரனின் லயத்து வீட்டில் தனுஜா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நிரஞ்சலா பக்கத்தில் உட்கார்ந்து, அழுத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டார். தனுஜா மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

"பிள்ள அழுதா எனக்குப் பயமா இருக்குக்கா. எங்கயாவது போயிரலாம்னு தோணுது."

"இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லக்கா. வெக்கமா இருந்துச்சு."

"நாளைக்குச் சொல்லுவோம். நான் பக்கத்துலயே இருக்கேன்."

மறுநாள் காலை பிள்ளையோடு மூவரும் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, பாலூட்டும் தாய்க்கு ஏற்ற வேறு மாத்திரை எழுதி, வாரந்தோறும் வரச் சொன்னார். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. "இன்னும் அப்புடியேதான் இருக்காக்கா" என்று கஜேந்திரன் நிரஞ்சலாவுக்குப் போன் செய்தபடியே இருந்தார். ஐந்தாவது வாரம் தனுஜாவே போனில் பேசினார்.

"இன்னைக்கு மகள நான்தான்கா குளிப்பாட்டுனேன். சிரிச்சா."



இந்த வருடம் தோட்டத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தனுஜா எழுந்து நின்று, தனக்கு நேர்ந்ததைத் தன் வாயாலேயே சொன்னார். கூட்டம் கலைந்ததும் பின்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள், தங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்ல, தாய் சேய் நலம் பார்க்கும் மிட்வைஃப் மிஸ்ஸைத் தேடிப் போனார்கள்.