அன்னக்கிளி கேட்ட ஏலம்

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் எடுக்கும் பெண்களுக்கென்று ஒரு முறை உண்டு. ஏலம் போடுகிறவர் கூடையைக் காட்டுவார். வாங்க நினைக்கிறவள் ஒரு விலை சொல்வாள். அவர் பேசாமல் நின்றால் அந்த விலை போதவில்லை என்று அர்த்தம், இன்னும் ஏற்ற வேண்டும். கட்டுப்படியானால் கடைசியாக ஒரு தடவை ‘நெசமா?’ என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் கூடை அவளுடையது. அதற்கப்புறம் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினவளுக்கு மறுநாள் யாரும் கூடையைக் காட்ட மாட்டார்கள்.

வம்பாக்கீரப்பாளையத்து அன்னக்கிளி இருபத்திரண்டு வருஷம் இந்த முறையில் ஊறினவள். நெத்திலியோ சங்கராவோ, ஈரப் பளபளப்பை வைத்தே அது வலையில் எத்தனை நேரம் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். ஏலத்தில் அவளை ஏமாற்றினவர் யாரும் கிடையாது. அப்படிப்பட்டவள்தான், ஏலமே நடக்காத இடத்துக்குப் போய் ஏலம் கேட்டுவிட்டு வந்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அவள் மகள் பார்வதி பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தொன்று வாங்கினாள். அரசுப் பள்ளியில் அவள்தான் முதல். டீச்சர் வீட்டுக்கே வந்து, டவுனில் இருக்கிற ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ சேர்த்தால் பெண் எங்கேயோ போய்விடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வது சுலபம். அந்தப் பள்ளியின் ஃபீஸைக் கேட்டதும் அன்னக்கிளியின் புருஷன் முருகையன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். சுனாமியில் படகு போனதிலிருந்து அவன் கடல் பக்கமே திரும்புவதில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தான். அவன் சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் சரியாக இருந்தது.

ரொபேரைப் பற்றிச் சொன்னதும் டீச்சர்தான். ரொபேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். காலமான மனைவி மரி-க்ளேர் பெயரில், அந்தப் பள்ளியில் ஒரு பெண் பிள்ளையின் இரண்டு வருஷப் படிப்பை முழுசாக ஏற்றுக்கொள்வார். ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், எல்லாம். அவர் அதை ‘பூர்ஸ்’ என்பார், மற்றவர்களுக்கு அது ஸ்காலர்ஷிப். மூன்று பிள்ளைகளை அம்மா அப்பாவோடு வரச் சொல்லியிருந்தார். கொடுக்கப்போவது ஒருத்திக்கு.

அன்றைக்கு அன்னக்கிளி வியாபாரத்துக்குப் போகவில்லை. சீயக்காய் போட்டுக் குளித்தும் மீன் வாடை போகாமல், மகளின் பவுடரைப் பூசிக்கொண்டு போனாள். பள்ளி வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கரீம் பாய். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுக்கிறவர். கூட அவர் மகள் இஃப்ஃபத். மூன்றாவதாக வந்திருந்தவர்கள் ஏதோ சான்றிதழ் இல்லையென்று வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்கள்.

உள்ளே முதலில் பிள்ளையிடம் பேசினார்கள். பிறகு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு பெற்றவர்களை மட்டும் கேட்டார்கள். கரீம் பாய் வெளியே வந்ததும் அன்னக்கிளி என்ன கேட்டார்கள் என்று விசாரித்தாள். உங்களால எவ்வளவு தர முடியும்னு கேட்டார், ஒண்ணும் முடியாதுன்னுட்டேன், உள்ளத சொல்றதுக்கு என்ன, என்றார் அவர். அன்னக்கிளிக்கு அந்த மனுஷன் மேல் பரிதாபமாகப் போய்விட்டது. இருப்பது ஒரே கூடை, வெறுங்கையோடு வந்து நின்றால் யார் தருவார்கள்? பெண்ணைப் பெற்றவருக்கு இந்த விவரம் வேண்டாமா? இத்தனைக்கும் கடையில் வியாபாரம் பார்க்கிறவர்.

உள்ளே ரொபேர் ஒரு நீல ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். எழுபது தாண்டின ஆள். உட்காரச் சொன்னார். மகளைப் புகழ்ந்தார். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

“கால்வாசி தந்துடறேன் ஐயா,” என்றாள் அன்னக்கிளி.

ரொபேர் பேசவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது ஃபைலுக்கு அடியில் கிடந்தது. அவளுக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? எதிரில் இருப்பவர் பேசாமல் இருக்கிறார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவள் வாயைப் பிடித்து இழுத்தது.

“பாதி தர்றேன் ஐயா.”

கண்ணாடி கிடைத்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். “நெசமாவா?” என்று கேட்டார்.

“நெசமாத்தான். நான் பேச்சு மாற மாட்டேன்,” என்று தலையாட்டினாள்.

வெளியே வந்தவள் பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டு, முடிஞ்சிடுச்சு வா, நமக்குத்தான் என்றாள். வழியில் மல்லிகைப்பூ வாங்கி அவள் தலையில் வைத்தாள். தன்னோடு தானே போட்டி போட்டு விலையை ஏற்றிவிட்டு வந்தவள், ஜெயித்த களையோடு வீட்டுக்கு நடந்தாள்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பார்வதி படித்தாள், பிறகு வாசற்படியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். முழு உதவி இஃப்ஃபத்துக்கு. பார்வதியின் குடும்பம் பாதியைக் கட்ட முன்வந்திருப்பதால் மீதிப் பாதி அவளுக்கு. எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் முழுசும் என்பது ரொபேரின் கணக்கு. அவர் கேட்டது இல்லாமையை அளக்க. இவள் சொன்னது இருப்பைக் காட்ட. பார்வதி இதை மெதுவாக, அம்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அன்னக்கிளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உலகத்தில் எங்கேயாவது, இல்லை என்றவனுக்குக் கூடையைத் தூக்கிக் கொடுப்பார்களா?

மறுநாள் ரொபேர் வீட்டுக்குப் போனாள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன், என்னால் ஆகாது என்று காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்றுதான் போனாள். அவர் அவளைக் கூடத்தில் உட்காரவைத்து, தானே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். மீன்காரிக்கு அந்த வீதியில் யாரும் காப்பி கொடுத்ததில்லை.

“என்கிட்ட ஒன்றரைப் பிள்ளைக்குத்தாம்மா பணம் இருந்துச்சி,” என்றார். “யாராவது ஒருத்திய திருப்பி அனுப்பணுமேன்னு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சி. நீங்க பாதி தர்றேன்னதால ரெண்டு பொண்ணும் படிக்குது. மரி-க்ளேர் இருந்தா உங்கள கட்டிப் புடிச்சிருப்பா.”

அன்னக்கிளி காப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் வாயைத் திறந்தால் இரண்டில் ஒரு பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அது கரீம் பாய் மகளாக இருக்கலாம், பார்வதியாகவும் இருக்கலாம். தவிர, தலையாட்டியாகிவிட்டது. அவள் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். சொல்வதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, சுமந்தாள் என்பதைத் தவிர. முன்பெல்லாம் சின்ன அன்னக்கூடை ஒன்றை எடுத்து முதலியார்பேட்டையில் நாலு தெரு சுற்றினால் பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவாள். இப்போது பெரிய கூடை. முதலியார்பேட்டை முடித்து நெல்லித்தோப்பு, அதுவும் விற்காவிட்டால் உருளையன்பேட்டை. பெரிய கூடையைத் தலைக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வதி துறைமுகத்துக்கு வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிடுவாள். கூடை தலையில் உட்காரும்போது அம்மாவின் கழுத்து ஒரு விரற்கடை உள்ளே போவதை அவள் பார்ப்பாள். பேசமாட்டாள். பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ப் படிப்பாள்.

உச்சந்தலையில் சும்மாடு வைக்கிற இடத்தில் அன்னக்கிளிக்கு முடி கொட்டி வட்டமாக வெளுத்தது. முட்டி வீங்கியது. மழைக்காலத்தில் ஒரு தடவை நெல்லித்தோப்பு சந்தில் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். ஒரு வீட்டுக்காரம்மா தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டார்கள். ஏலம் போடுகிற அம்மாவாசைக்கு விஷயம் எப்படியோ தெரிந்துபோய், பெரிய கூடை வந்தாலே அவள் பக்கம் திரும்பி, தன்னோடயே போட்டி போடுற ஆளு இங்கதான் இருக்குது என்று கேலி செய்வார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தலையாட்டுவாள். ஃபீஸ் ஒரு தடவையும் தவறவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் சந்தோஷமாக இருந்த ஒரு நாளைச் சொல் என்றால் அவளால் சொல்ல முடியாது. களைப்பு ஒன்றுதான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் பார்வதி ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு மார்க் வாங்கினாள். காலாப்பட்டு போகிற வழியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, நன்றாகப் படிக்கிற, வசதியில்லாத சில பிள்ளைகளுக்கு நாலு வருஷமும் இலவசமாக இடம் கொடுத்தது. மார்க்கைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். பெற்றவர்களும் வர வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது அன்னக்கிளி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டுக்குள் சொல்லிப் பழகினாள். ஒண்ணும் முடியாது. ஒண்ணும் முடியாது. கரீம் பாய் சொன்ன அதே வார்த்தை. கோட்டக்குப்பம் தாண்டும்வரை சரியாகத்தான் வந்தது.

கல்லூரியில் ஒரு மேடம் கேட்டார். பார்வதியையும் கூடவே உட்காரவைத்திருந்தார். சாதாரணமாகத்தான் கேட்டார், வருஷத்துக்கு ஏதாவது உங்களால கட்ட முடியுமா, கொஞ்சமாவது, என்று.

அன்னக்கிளி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. பெற்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்காகத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்வது? மேடம் பதிலுக்காகக் காத்திருந்தபடி பேசாமல் தாளைப் புரட்டினார். அந்த மௌனம் இருக்கிறதே, அதுதான் அவளை எப்போதும் கவிழ்ப்பது. கால்வாசி என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. தலை லேசாக ஆடக்கூட ஆரம்பித்தது.

“எங்கம்மாவால முடியாது மேடம்,” என்றாள் பார்வதி.

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு வருசமா பாதி ஃபீஸ அவங்கதான் கட்டுனாங்க. தலையில சொமந்து கட்டுனாங்க. ஞாயித்துக்கெழம கூடைய தூக்கிவுடுறது நான்தான், அதோட கனம் எனக்குத் தெரியும். இப்பவும் கேட்டீங்கன்னா தர்றேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க அவங்கள கேக்காதீங்க. இனிமே அவங்களால முடியாது.”

அன்னக்கிளிக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. உன்னால் முடியாது என்று அவளைப் பார்த்து இதுவரை எவரும் சொன்னதில்லை. இரண்டு வருஷம் வாயே திறக்காத பெண் சொல்கிறாள், அதுவும் ஒரு அந்நியர் முன்னால். அடுத்த நிமிஷமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். தாளில் ஏதோ எழுதினார். அன்னக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு வாரத்தில் பட்டியல் ஒட்டினார்கள். நாலு வருஷமும் முழு இலவசம். இஃப்ஃபத்துக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கரீம் பாய் ஒரு பொட்டலம் பாதுஷா வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டு, இரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்தேன், உங்களாலதான் என் பொண்ணும் படிச்சுது, அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். முருகையன் பெண்ணின் தலையில் கை வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனான். அக்கம்பக்கத்தார் வந்து கேட்டபோது அன்னக்கிளி ஆமாம் ஆமாம் என்றாள். குதிக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். முட்டி இடம் கொடுக்கவில்லை, மனசும் எழுந்திருக்கவில்லை. படுத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் விடிய துறைமுகத்தில் கவளை மீன் நிறைய வந்திருந்தது. அம்மாவாசை பெரிய கூடையை இழுத்துப் போட்டுவிட்டுப் பழக்கப்படி அவளைத் திரும்பிப் பார்த்தார். விலை சொல்லச் சொல்லி, பேசாமல் நின்றார். பக்கத்துப் பெண்களும் பார்த்தார்கள்.

“என்னால முடியாதுண்ணா,” என்றாள் அன்னக்கிளி. “சின்னத காட்டு.”

அம்மாவாசை கேலி எதுவும் செய்யவில்லை. சின்னக் கூடை ஒன்றை நகர்த்திக் காட்டினார். அவள் ஒரு விலை சொன்னாள். அவர் வழக்கம்போல் பேசாமல் நின்றார். அவளும் பேசாமல் நின்றாள்.