எட்டிலேயே நின்ற கம்பம்

இரண்டு ஆறு கூடுகிற இடத்தில் இருபத்திரண்டு வருஷமாக நீர்மட்டம் பார்த்தவர் அவர். அளவுக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். ஒரு ஆறு செம்மண் நிறம், மற்றது கறுப்பு. கூடின பிறகும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி கொஞ்ச தூரம் தனித்தனியாகவே ஓடும். அங்கே ஒரு மரக்கம்பம். அடியில் இரும்புப் பூண், உடம்பெல்லாம் இருபது வரைக்கும் எண். வெள்ளத்தில் தொலையாமல் இருக்கக் கரையோடு சங்கிலி. காலையும் மாலையும் எண்ணைப் பார்த்து ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

எதிரே 'உட்கார்ந்தான்' என்று ஊர் பேர் வைத்த பாறை. ஆள் குந்தியிருப்பது போலவே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தண்ணீர் உட்கார்ந்தான் இடுப்பு வரைக்கும் என்று சொல்லப்போய், அதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து பாறைப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. கம்பம் சொன்னால் சொன்னதுதான்.

ஆற்று நடுத்திட்டில் அவர் தங்கச்சியும் மாப்பிள்ளையும் தர்ப்பூசணி போட்டு, குடிசையில் காவலிருந்தார்கள். தண்ணீர் பத்தைத் தொட்டால் கிளம்பிவிட வேண்டும் என்பது பேச்சு. மேற்கே மூன்று நாளாக மழை. கம்பம் எட்டைவிட்டு அசையவில்லை. தங்கச்சி போனில் கேட்டபோதெல்லாம், எட்டுதான், பேசாமல் படு என்றார்.

நாலாம் நாள் காலை தண்ணீர்மேல் மூட்டம். ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. எட்டு. ஆனால் கம்பம் நேற்றைவிட ஒரு முழம் தள்ளி நிற்கிறாற்போல் இருந்தது. கண் கோளாறு என்று நினைத்துக் கண்ணைக் கசக்கினார்.

தங்கச்சி கூப்பிட்டாள்.

"அண்ணா, எவ்வளவு?"

"எட்டு."

"இங்க காயெல்லாம் மிதக்குது. உன் எட்டை வச்சு நான் என்ன பண்றது?"

அவர் தலையைத் திருப்பினார். உட்கார்ந்தானைக் காணோம். நெற்றி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"எல்லாத்தையும் விட்டுட்டு ரெண்டு பேரும் படகுல ஏறுங்க. உட்கார்ந்தான் முங்கிட்டான்."

அவள் அப்போதே மாப்பிள்ளையைக் கூப்பிடுவது போனில் கேட்டது.

மூட்டத்துக்குள்ளிருந்து படகு வந்து கரையை இடிக்கவும், சங்கிலி அறுந்த சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. கம்பம் எப்போதோ அடியோடு பெயர்ந்திருக்கிறது. பூண் கனத்தில் சாயாமல், தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறி நின்றிருக்கிறது. இப்போது நிமிர்ந்தபடியே, அவசரமில்லாத ஆள் மாதிரி, திட்டு இருந்த இடத்தைத் தாண்டிப் போனது.

மாப்பிள்ளை படகிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார்: "மச்சான், உங்க எட்டு போகுது."

போன் அடித்தது. காலை அளவு கேட்டார்கள். கம்பம் மறையும்வரை பார்த்துவிட்டு, நெற்றியும் முங்கிப்போன பாறைப் பக்கம் திரும்பி அளவுக்காரர் சொன்னார்:

"உட்கார்ந்தான் தலைக்கு மேல, சார். அப்படியே எழுதிக்கங்க."