அரம் பட்ட வெள்ளிக் காசு

என் வீட்டுக்காரர் லேசில் எதையும் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றிய பாலை நகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். டாக்டர் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைத் தானே வாங்கிப் பார்ப்பார். என்னை முதன்முதலில் பார்த்தபோது, இந்தப் பெண் ஏன் இவ்வளவு சிரிக்கிறாள் என்று யோசித்தாராம். சிரிப்பு வந்தது, சிரித்தேன். அதற்கெல்லாமா அத்தாட்சி காட்ட முடியும்?

அந்தக் குணம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய காசு வாங்கி விற்கிற கடை எங்களுடையது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்கணும். மேசைமேல் சின்னத் தராசு, ஒரு காந்தம், ஒரு பளிங்குத் துண்டு, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்சு. கடைத்தெருவே அவரை 'லென்சு' என்றுதான் கூப்பிடும். காசு கொண்டுவருகிறவர்கள் அரசர் தலையைக் காட்டுவார்கள். இவர் காசின் விளிம்பைப் பார்ப்பார். "மூஞ்சியை எவன் வேணா செஞ்சுடுவான். விளிம்புல சன்னமா வரி போடறதுக்குள்ள அவனுக்கு மூச்சு முட்டிடும்" என்பார்.

அன்றைக்கு நான் சாப்பாட்டுக் கேரியரோடு கடையில் இருந்தபோது நாத்தனார் வந்தாள். இவருக்கு ஒரே தங்கை. என் மாமனாரைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டவள். அவர் போன பிறகு அறையை ஒழித்தபோது எடுத்த வெள்ளிக் காசு ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

"அப்பா இதை உன்கிட்ட குடுக்கச் சொன்னார்ணா. 'அவன் கை பட்ட காசு, அவன்கிட்டயே இருக்கட்டும்'னார்."

அப்பா கொடுத்தனுப்பியதை ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்திருக்கலாம். மனுஷன் நேராகத் தராசில் போட்டார்.

"எடை கொஞ்சம் குறையுது. அதுசரி, எப்படி இவ்வளவு பளபளப்பு? இத்தனை காலம் கிடந்த வெள்ளி கறுத்திருக்கணுமே?"

"நான்தான் பல்பொடி போட்டுத் தேய்ச்சேன். உனக்குக் குடுக்கறப்ப பளிச்சுனு இருக்கட்டும்னு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய காசைத் தேய்க்கவே கூடாது என்பது இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியும். மேலே படிந்த கறுப்புதான் அதன் வயசுக்குச் சாட்சி. அந்தச் சாட்சியை இவள் அண்ணன்மேல் உள்ள பாசத்தில் கழுவி ஊற்றிவிட்டாள்.

காசைப் பளிங்கில் போட்டார். கணீரென்றது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "இப்பல்லாம் நல்ல வெள்ளியிலயே வார்க்கறானுங்க" என்றார். பிறகு லென்சை இடுக்கிக்கொண்டு விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. அங்கே நகத்தின் அகலத்துக்கு வரிகளே இல்லை, அரத்தால் ராவியிருந்தது. போலிக் காசு வார்க்கும்போது, வெள்ளியை ஊற்றிய இடத்தில் ஒரு முளை நிற்கும். வார்த்தவன் அதை வெட்டி, ராவி மறைப்பான்.

"அசல் எங்கே?" என்றார்.

"எந்த அசல்?"

"அப்பாகிட்ட இருந்த அசல். இது போலி. நீ மாத்தினியா, உன் வீட்டுக்காரர் மாத்தினாரா?"

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. "என்கிட்ட இருந்தது இது ஒண்ணுதாண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

எனக்கும் அவளுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். ஆனாலும், "அப்பாவைக் கடைசிவரைக்கும் பார்த்தவளை இப்படிக் கேக்க உங்களுக்கு நாக்கு கூசலையா?" என்று கத்தினேன். எதிர்க்கடை கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. செய்தவனைக் கண்டுபிடிக்கிற வெறி. லென்சைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பேசிக்கொண்டிருந்தார்: "கோடெல்லாம் இந்தப் பக்கமா சாயுது. ராவினவன் இடது கைக்காரன். தொழில் தெரிஞ்ச கையும் இல்ல. ஒரு இடத்துல அழுத்தியிருக்கான், ஒரு இடத்துல விட்டிருக்கான். சின்னப் பசங்க செஞ்ச மாதிரி…"

"எனக்குத் தெரிஞ்ச இடது கைக்காரர் நீங்க ஒருத்தர்தான்" என்றேன், குத்தலாகத்தான்.

லென்சு கண்ணிலிருந்து நழுவி மேசைமேல் விழுந்தது. பிறகு மெல்லச் சொன்னார். தங்கை தவழ்கிற வயசில் மாமனார் அந்தக் காசில் ஒரு வளையம் பற்றவைத்து அவள் கழுத்தில் போட்டிருந்தாராம். வளையம் உடைந்து, மிச்சம் முள்ளாக நின்று, குழந்தையின் நெஞ்சைக் கீறிவிட்டது. அவள் அழுததைப் பொறுக்கமாட்டாமல், பள்ளிக்கூடப் பையனான இவர் எங்கேயோ ஒரு அரத்தை இரவல் வாங்கிவந்து ராவியிருக்கிறார்.

"என் கன்னத்துல வெச்சு வெச்சுப் பார்த்தேன், இன்னும் குத்துதான்னு" என்றார். எனக்கு அவர்மேல் கோபமும் போகவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

கடையைச் சாத்திவிட்டு உடனே அவள் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். காசை நீட்டினார்.

"அசல்தாம்மா. தப்பு என்னோடது. உன் கழுத்துல கிடந்த காசு, நீயே வெச்சுக்கோ."

அவள் வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திருப்பினாள், விளிம்பை விரலால் தடவினாள். சில்லறையைக்கூட எண்ணாமல் பையில் போட்டுக்கொள்கிறவள் அவள்.

"இது நான் குடுத்ததேதானாண்ணா? கடையில மாத்தலையே?"

கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து லென்சை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.