எல்லை தாண்டி வாங்கிய மேசைவிரிப்பு

எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. எங்கள் ஊர் என்று நான் சொல்வது, அகதிகளாக வந்த எங்களை ஜெர்மன் அரசாங்கம் நெக்கார் ஆற்றங்கரையில் கொண்டுபோய் இருத்திய சின்னப் பட்டணத்தை. ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், வளைந்து போகும் ஒரே ஒரு கடைத்தெரு. அம்மா ஒருநாள் மிளகாய்த்தூள் தேடி மூன்று கடை ஏறி இறங்கினார். மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் என்னை நிறுத்தி, மிளகாய்த்தூள் கிடைத்துவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மூடிப்போன ஒரு விடுதியின் மேல்மாடியில் நானும் அப்பாவும் அம்மாவும் ஓர் அறையில் இருந்தோம். எங்கள் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அது முடியும்வரை அப்பா வேலை செய்யக்கூடாது, நாங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். தாண்டுவதென்றால் அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் எடுக்கவேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் அந்த அலுவலகத்தில் அப்பாவின் வாய் நான்தான். அப்பாவுக்கு ஜெர்மன் பிடிபடவில்லை. எனக்கோ ஒரு வருடத்திலேயே அது ஊற்றாகப் பெருகிவிட்டது. பெரியவர்கள் இருவர் நான் வாய் திறக்கும்வரை காத்திருப்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அலுவலகத்தில் எங்களுக்குப் பொறுப்பானவரை வீட்டில் ‘முத்திரைக்காரர்’ என்போம். ஒல்லியான மனிதர், மூக்குநுனியில் கண்ணாடி. அப்பாவைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. ஆனால் அவரும் அதே ஊர்தான். தேவாலயத்துக்குப் பின்னால் அவருடைய வீடு. அந்த வீட்டு வேலியில் நான் பலநாள் பனிக்கட்டி ஒடித்துத் தின்றிருக்கிறேன்.

என்னுடைய ஜெர்மன் தானாக ஊறியது அல்ல. எங்கள் வகுப்பு ரீச்சர் பள்ளி விட்டபிறகு தினமும் ஒரு மணித்தியாலம் என்னை இருத்திவைத்துச் சொல்லித்தந்தார். அவர் அந்த மார்கழியில், நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறந்தநாளுக்கு, முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரையும் கோப்பி குடிக்க வீட்டுக்கு அழைத்தார். அழைப்பை நான் கொண்டுவந்து வாசித்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நாங்கள் சைவம்தான். ஆனாலும் நத்தாரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். வெறுங்கையோடு போகமுடியாது, நத்தார் பரிசு என்றால் திறக்கும்வரை என்னவென்று தெரியக்கூடாது என்று அறிவித்தார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. பரிசு என்று சொல்லக்கூடிய எதையும் விற்கிற கடை ஊரில் ஒன்றே ஒன்று. அதை நடத்தியவர் ரீச்சரின் சொந்த அக்கா. அங்கே வாங்கினால், நாங்கள் வீடு வந்து சேருமுன்பே பொருளும் விலையும் ரீச்சரின் காதுக்குப் போய்விடும்.

ஆகவே ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கிற பெரிய நகரத்துக்குப் போவது என்று அம்மா முடிவெடுத்தார். ரயிலில் இருபது நிமிடம். ஆனால் அது வேறு மாவட்டம். அப்பா முறைப்படி என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டார். வைத்தியரிடம் போவதென்றாலோ வழக்கறிஞரிடம் போவதென்றாலோ கடிதம் தரலாம், கடைக்குப் போவதற்குத் தரமுடியாது, கடை இந்த ஊரிலேயே இருக்கிறது என்றார் முத்திரைக்காரர். நான் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. “அவர் சொல்லுறது சரிதான். ஆனா அந்தக் கடைக்காரி ரீச்சற்றை அக்கா எண்டதை நீங்கள் அவருக்குச் சொல்லேல்லையே” என்றார். அப்பா, போகவே வேண்டாம் என்றார். எதிர் அறையில் இருந்த அண்ணை ஒருவர் இரண்டு தடவை எல்லை தாண்டிப் பிடிபட்டு நீதிமன்றம்வரை போயிருந்தார். எங்கள் வழக்கில் அப்படி ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். அதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது.

“மூண்டு மணித்தியாலத்திலை போய்ட்டு வந்திடலாம். நத்தார்ச் சனத்துக்குள்ளை எங்களை ஆர் பாக்கப்போகினம்?”

கொட்டும் பனியில், வெள்ளை முகங்களுக்கு நடுவே, சிவப்புப் பொட்டோடும் சேலைக்கு மேல் போட்ட ஆண்கள் கோட்டோடும் நடக்கப்போகிறவர் கேட்ட கேள்வி அது. அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் சனிக்கிழமை காலை முதலில் சப்பாத்துப் போட்டவர் அவர்தான். எங்களைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை.

ரயில் பாலத்தின்மேல் போகும்போது நான் யன்னலில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு எல்லையைத் தேடினேன். சுவரோ கம்பிவேலியோ, குறைந்தது ஒரு கோடாவது இருக்கும் என்று நம்பியிருந்தேன். தண்ணீர்தான் ஓடியது. ஏமாற்றமாகப் போய்விட்டது.

நகரமோ ஏமாற்றவில்லை. மற்றச் சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு பூட்டிவிடும் கடைகள் நத்தாருக்காகப் பின்னேரம்வரை திறந்திருந்தன. தெருவுக்குக் குறுக்கே விளக்குமாலைகள். சீனிப்பாகில் வறுத்த பாதாம் பருப்பின் மணம். அம்மா எதிலும் மயங்காமல் நான்கு மாடிக் கடை ஒன்றுக்குள் புகுந்து துணிப் பகுதியைக் கண்டுபிடித்தார். மேசைவிரிப்பு என்று தீர்மானித்துவிட்டார். விற்பனைப் பெண் ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட, அம்மா ஒவ்வொன்றையும் மறுபுறம் திருப்பி நூல் முடிச்சுகளைப் பார்த்து, மெஷின் வேலை என்று தள்ளிவைத்தார். ஐந்தாவது விரிப்பைத் திருப்பியவர் அதில் விரலை ஓட்டி நின்றார். வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் சிவப்பு நூலில் சின்னச்சின்னப் பழங்கள். முதலில் சலித்துக்கொண்ட அந்தப் பெண் இப்போது அம்மாவைப் பார்த்து, இது கைவேலை என்று கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். அம்மா, அது தனக்குத் தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார். கனடாவிலிருந்து மாமா அனுப்பியிருந்த காசு அதற்குச் சரியாகப் போனது.

பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா கீழே போகும் நகரும் படியில் கால்வைத்தார். பின்னால் நானும் அப்பாவும். பாதி இறங்கியபோது கீழே, படி முடிகிற இடத்தில், தெரிந்த முகம் ஒன்றைக் கண்டேன். ஒல்லியான உருவம், மூக்குநுனியில் கண்ணாடி. கையில் நாடா கட்டிய ஒரு பெட்டி.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லமுடியாது. வேற்றூரில் நம்மூர் ஆள்! இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டி, கடை முழுக்கக் கேட்கும்படி அவருடைய பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னேன். என் தோளில் இருந்த அப்பாவின் கை இறுகியது. முத்திரைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். திரும்பி ஓடுவதற்கு வழி இல்லை. முன்னும் பின்னும் சனம். படி எங்களை ஒரே சீராகக் கொண்டுபோய் அவருடைய காலடியில் இறக்கிவிட்டது.

அவர் அப்பாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். நான் வழக்கம்போலத் தமிழில் சொன்னேன். “கடிதம் இருக்கோ எண்டு கேக்கிறார் அப்பா.”

கடிதம் இல்லை என்பது மூவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அம்மாதான் முன்னால் வந்தார்.

“பிள்ளை, உள்ளதைச் சொல்லு. ரீச்சருக்குப் பரிசு வாங்க வந்தனாங்கள். வரமாட்டன் எண்டவரை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான். பிழை என்னிலைதான் எண்டு சொல்லு.”

சொன்னேன். அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எல்லோரும் பரிசு வாங்குகிற இடத்தில், ரீச்சருக்கு மட்டும் வாங்கினோம் என்று சொன்னது அவருக்கு வருத்தமாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆகவே என் சொந்தப் பொறுப்பில் ஒரு வசனம் சேர்த்தேன். “உங்களுக்கும் ஒரு பரிசு வாங்கத்தான் வந்தோம்” என்றேன்.

அவருடைய காதுமடல்கள் சிவந்தன. சுற்றிலும் பார்த்துவிட்டு, என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“இந்த வசனத்தை இனி யாரிடமும் சொல்லாதே. ஒருபோதும்.”

அப்பா, என்ன சொல்கிறார் என்று கேட்டார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மொழிபெயர்க்க மறுத்தேன்.

என்னோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அப்பா என் காதருகே குனிந்து, “என்ன நடந்தாலும் அழக்கூடாது பிள்ளை” என்றார். எதற்கு அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த பச்சை நிறக் காரின் கதவைத் திறந்து எங்களை ஏறச்சொன்னார். ஜெர்மனியில் நான் ஏறிய முதல் சொந்தக் கார் அது. பின் ஆசனத்தில் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். அம்மா பொதியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கண்களை மூடியிருந்தார். அவருடைய உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

ரயில் நிலையத்தைக் கடந்தபோது வாசலில் பொலிஸ்காரர்கள் இருவர் நிற்பதைக் கண்டேன். எங்கள் நிறத்து இளைஞன் ஒருவன் அவர்கள் முன்னால் நின்று சட்டைப்பைகளைத் துழாவிக்கொண்டிருந்தான். அப்பா கழுத்தைத் திருப்பி, அந்த இடம் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு முன்னால் காரோட்டுகிறவரின் பிடரியைப் பார்த்தார். நன்றி சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அவர் காரின் பின்பார்வைக் கண்ணாடி வழியாகக்கூட எங்களைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடி, நான் இன்று யாரையும் எங்கும் காணவில்லை என்றார்.

கார் பாலத்தைத் தாண்டியது. ஊர்ப் பெயர்ப்பலகை தெரிந்தது. விடுதி வாசலில் காரிலிருந்து இறங்கும்போது யார் யார் பார்ப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் பலகைக்கு இந்தப்பக்கமே, புதர்ப் பற்றைகளுக்கு அருகில் காரை நிறுத்திவிட்டார். இங்கிருந்து நடந்து போங்கள் என்றார். பனியில் இரண்டு கிலோமீற்றர் நடக்கவிட்ட அந்தக் கஞ்சத்தனத்தை நான் வழிநெடுகக் கண்டித்தேன். அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருவில் அப்படி அவர்கள் நடந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் ரீச்சர் வீட்டில் மேசைவிரிப்பைப் பிரித்ததும், அவர் கைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கடைக்காரியான அவருடைய அக்காவும் அங்கே இருந்தார். இவ்வளவு அழகானதை எங்கே வாங்கினீர்கள் என்று ரீச்சர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குமுன் அப்பா பேசிவிட்டார். ஒரு வருடமாக என் வாயால் பேசியவர், “கனடா. தபால். மச்சான்” என்று ஜெர்மனில் மூன்று சொற்களைத் தெளிவாக மேசைமேல் வைத்தார்.

கடைக்காரி விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே சின்னத் துண்டு ஒன்று தைத்திருந்தது. அதில் பக்கத்து மலையிலுள்ள ஒரு ஜெர்மன் ஊரின் பெயர் இருந்ததை எனக்கு வாசிக்க முடிந்தது. அவருக்கு முடியவில்லை போலும் என்று நினைத்தேன். மூலையை உள்பக்கமாக மடித்துவிட்டு, கனடாக்காரர் நல்ல வேலைக்காரர்கள் என்றார். அப்பாவின் தட்டில் இரண்டாவது கேக் துண்டை வைத்தார்.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் ஊர் முழுவதும் தேவாலயத்தில் கூடியது. பள்ளிப் பிள்ளைகளின் பாட்டில் நானும் முன்வரிசையில் நின்று பாடினேன். முடிந்து இறங்கியபோது முத்திரைக்காரர் மனைவியோடும் மகளோடும் நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் முன்னால் நின்று வணக்கம் சொன்னேன். அவர் என் தலைக்கு மேலாக எதையோ பார்த்தபடி தாண்டிப் போய்விட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தன் காரில் ஏற்றியவர், ஊர்ச்சனம் பார்க்கிற இடத்தில் என்னைத் தெரியாதவர்போலப் போகிறார்.

அம்மாவிடம் போய் அவர் கெட்டவர் என்றேன். அம்மா என் கண்களைத் துடைத்துவிட்டார். “அவரை இனி எங்கை கண்டாலும் கூப்பிடாதை. சிரிக்கவும் வேண்டாம். விளங்குதோ?” என்றார். அம்மாவுக்கும் அவர்மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஊரில் அதன்பிறகு மூன்று வருடங்கள் இருந்தோம். எங்கள் வழக்கு நல்லபடியாக முடியும்வரை அப்பாவோடு எத்தனையோ தடவை அலுவலகம் போனேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். தெருவில் அவர் எதிரே வந்தால் மறுபக்கம் கடந்து, கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. நாங்கள் ஊரைவிட்டுப் போகிற அன்றும் அவர் ரொட்டி விற்கிற பாண் கடை வாசலில் நின்றார். அன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னை அவமதித்தவருக்கு நான் கொடுக்கும் தண்டனை அது என்று நம்பியிருந்தேன். எங்களால் தன் வேலை போய்விடக்கூடாது என்று பயந்திருந்த அந்த மனிதருக்கு எங்கள் குடும்பத்தால் கொடுக்க முடிந்த ஒரே பரிசு அதுதான் என்பதும், அதை மூன்று வருடமாக என் கையால் கொடுக்கவைத்தவர் அம்மா என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.