மீதி அரை மார்க்

கிரிஜா டீச்சர் திருத்திக் கொடுக்கும் விடைத்தாள்களில் தைல வாசனை வீசும். சிவப்புப் பேனாவையும் தலைவலித் தைலப் புட்டியையும் அவர் ஒரே கைப்பையில் போட்டு வைத்திருந்ததால், மார்க் வந்ததோ இல்லையோ, தாளைக் கையில் வாங்கியதும் மூக்கில் சுருக்கென்று ஏறும். இன்றைக்கும் பக்கத்தில் யாராவது தைலம் தேய்த்தால், அறிவியல் பரீட்சைத் தாள் வந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளி. படித்தவர்களில் பாதிப் பேருடைய அப்பாக்கள் மின் நிலைய வேலைகளில் ஒப்பந்தக் கூலிகள். என் 'நைனா'வும் அப்படித்தான். வேலை செய்கிற இடத்தில் யார் எதைக் கேட்டாலும் "தெரியும் சார்" என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் எங்களுக்குச் சோற்றோடு ஊட்டிய பாடம். "தெரியாதுன்னு சொன்னா, நாளைக்கு கேட்டாண்டயே நின்னுக்கினு இருக்கணும்" என்பார். மறுநாள் கேட்டைத் தாண்டி உள்ளே விடமாட்டார்கள் என்று அர்த்தம்.

டீச்சரின் கணக்கு இதற்கு நேர்மாறு. அவருடைய ஒரு மார்க் கேள்விக்குப் பதில் தெரியாமல் கதை அளந்தால் முட்டை. "தெரியாது" என்று எழுதினால் அரை மார்க். பிறகு பதிலைத் தேடிப் பிடித்து, அவர் மேசை முன்னால் போய் நின்று சொன்னால் மீதி அரை. எங்கள் வகுப்பு பாஸ்கர் எல்லாக் கேள்விக்கும் "தெரியாது" என்று எழுதி, நோகாமல் பாதி மார்க் வாங்கிவிட்டதாகப் பீற்றிக்கொண்டு திரிந்தான். மறுநாளிலிருந்து இடைவேளைதோறும் டீச்சர் அவனைக் கூப்பிட்டு மீதியைக் கேட்க ஆரம்பித்ததும், "பேஜாராப் போச்சுடா" என்று புலம்பினான்.

எனக்கோ அந்த ஒரு சொல்லை எழுத முடிந்ததே இல்லை. பேனாவை எடுத்தாலே கேட்டுக்கு வெளியே நைனா நிற்பது கண்ணில் தெரியும். எதையாவது கிறுக்கி வைத்து முட்டை வாங்குவேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது டீச்சருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். நீண்ட விடுப்புக்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கே தெரிந்திருந்தது. தலைமையாசிரியர் எங்களில் நாலு பேரைப் புதுவாயலில் இருந்த அவர் வீட்டுக்கு அனுப்பினார். அழக்கூடாது, சீக்கிரம் குணமாகிவிடும் என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது உத்தரவு. வாசலில் டீச்சரின் வீட்டுக்காரரும் அதையேதான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

கட்டிலில் டீச்சர் பாதியாக இருந்தார். அறை முழுக்க அதே தைல வாசனை. மற்ற மூவரும் ஒப்பித்து முடித்தார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுடி. நான் பொழைப்பனா?"

அவருக்குப் பின்னால் நின்றிருந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்து வேகமாகத் தலையாட்டினார், ஆமென்று சொல்லச் சொல்லி. பொய் சொல்லிவிடலாம்தான், ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு கதை அளக்க வாய் வரவில்லை.

"தெரியல டீச்சர்."

வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. டீச்சர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

"வர்றவங்க எல்லாம் எங்கிட்ட கதை எழுதிட்டுப் போறாங்க. நீ ஒருத்திதான் அரை மார்க்கு வாங்கிக்கீற" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் தெரில. பயமா கீது. மீதி அரைய இந்த வாட்டி நான் போய்த் தெரிஞ்சிக்கறேன்."

அதுவரை அழுகையை அடக்கிவைத்திருந்த வீட்டுக்காரர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து உடைந்து அழுதார். டீச்சர் அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். இருவரும் பேச வேண்டியதை அதன் பிறகுதான் பேசினார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். பொங்கலுக்கு முன்பே டீச்சர் போய்விட்டார். நான் எவ்வளவு அழுதேன் என்று சொல்லி மாளாது.

இப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். "தெரியாது, பாத்துச் சொல்றேன்" என்று மேலாளரிடம் முதல்முறை சொன்ன அன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் கேட்டில் என்னை உள்ளே விட்டார்கள். அதற்காக நைனா சொன்னது பொய்யென்று ஆகிவிடாது. அவருக்கு அந்த அரை மார்க்கைக் கொடுக்க அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான்.

என் மகளுக்கு இப்போது பரீட்சையெல்லாம் செல்போனில். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில். "தெரியாது" என்பதற்கு அதில் இடமே இல்லை. தெரியவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "ஏதாச்சும் ஒண்ண தட்டிட்டுப் போய்க்கினே இருக்கணும்மா" என்றாள். அவளை உட்கார வைத்து டீச்சரின் கதையைச் சொன்னேன். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"டீச்சருக்கு மீதி அரை மார்க் கெடச்சிதாம்மா?"

"தெரியலடி" என்றேன்.